வெளியே என்ன சொல்கிறோம்: இளம் வலைப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

கேபிள் டிவி இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்த பல நிறுவனங்கள் இன்று நம் ஊர்களில் இணைய சேவையும் தருகின்றன. தெருத் தெருவாக ஃபைபர் இழுத்து, வாடிக்கையாளர்கள் ஆயிரக்கணக்கில் பெருகியதும், இந்தியாவுக்கான பதிவகமான ஐஆர்ஐஎன்என்னிடம் விண்ணப்பித்துச் சொந்தமாக ஐபி முகவரித் தொகுதியும் ஏஎஸ் எண்ணும் வாங்குகிறார்கள். ஒரே அப்ஸ்ட்ரீமை நம்பியிருந்த இடத்துக்கு இரண்டாவது அப்ஸ்ட்ரீம் வருகிறது. சென்னையில் உள்ள இணையப் பரிமாற்ற மையம் ஒன்றில் ஒரு போர்ட் எடுக்கிறார்கள். அதுவரை வேறொருவருடைய வலைக்குள் அடங்கியிருந்த நிறுவனம், அன்றிலிருந்து உலகின் மற்ற வலைகளோடு நேரடியாகப் பேசத் தொடங்குகிறது. அந்தப் பேச்சை நடத்தும் பிஜிபி ரவுட்டரின் கடவுச்சொல், பல இடங்களில், வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத உங்களில் ஒருவர் கையில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்களில் பலர் சிசிஎன்ஏ முடித்துவிட்டு வருகிறீர்கள். 2020 பிப்ரவரியில் மாறிய அந்தப் பாடத்திட்டத்தில் பிஜிபி இல்லை. ஓஎஸ்பிஎஃப் கற்றிருப்பீர்கள், அது ஒரே நிர்வாகத்துக்குள் இருக்கும் ரவுட்டர்களுக்கானது. வலைகளுக்கு இடையிலான ரவுட்டிங்கை, வேலையில் சேர்ந்த பிறகு, மூத்தவர் ஒருவர் தட்டச்சு செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தும் காணொளிகள் பார்த்தும் கற்கிறீர்கள். அப்படிக் கற்பதில் குறையில்லை. அந்தப் பயிற்சி ஓரிடத்தில் நின்றுவிடுகிறது என்பதுதான் என் கவலை. நெய்பர் முகவரி, எதிர்ப்பக்கத்து ஏஎஸ் எண், நம் ப்ரிஃபிக்ஸ் ஆகியவற்றை அடித்ததும் செஷன் 'எஸ்டாப்ளிஷ்ட்' என்று காட்டுகிறது. இணையம் வருகிறது. 'பிஜிபி தெரியும்' என்ற வரி பயோடேட்டாவில் ஏறிவிடுகிறது. செஷன் மேலே வந்த அந்த நொடியில் நம் ரவுட்டர் வெளியே என்னென்ன சொல்லத் தொடங்கியது என்பதை யாரும் பார்ப்பதில்லை. கற்க வேண்டிய முதல் பாடம் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம் வலைக்குள் வருவது தவறினால் நம் வாடிக்கையாளர்தான் தவிப்பார். நாம் வெளியே சொல்வது தவறினால், நமக்கு முகம் தெரியாத ஊர்க்காரர்களெல்லாம் தவிப்பார்கள்.

1989 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ஐஇடிஎஃப் கூட்டம் நடந்தபோது, மதிய உணவு மேசையில் சிஸ்கோவின் கிர்க் லோஹீடும் ஐபிஎம்மின் யாகோவ் ரெக்டரும் கை துடைக்கும் தாள்களில் பிஜிபி நெறிமுறையின் வரைவை எழுதினார்கள். அதே ஆண்டு ஜூனில் அது ஆர்எஃப்சி 1105 ஆக வெளிவந்தது. இன்று ஓடுவது நான்காம் பதிப்பு. அதன் வரையறை 2006இல் வந்த ஆர்எஃப்சி 4271. அப்போது இணையத்தை நடத்தியவர்கள் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். இன்று உலகப் பட்டியலில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஏஎஸ் எண்கள் உயிரோடு இருக்கின்றன. ஐபிவி4 ப்ரிஃபிக்ஸ்கள் பத்து லட்சத்தை ஒட்டி நிற்கின்றன. ஆனாலும் நடுவில் ஒரு தலைமை ரவுட்டர் கிடையாது. 'இந்த முகவரிகளுக்கு என் வழியாக வரலாம்' என்று ஒரு வலை பக்கத்து வலையிடம் சொல்கிறது; அது தன் எண்ணையும் சேர்த்து அடுத்த வலையிடம் சொல்கிறது. ஊருக்குப் புதிதாக வந்தவர் பேருந்து நிலையத்தில் வழி கேட்டு, சொன்னவர் பேச்சை நம்பி நடப்பது போல, ஒவ்வொரு பாக்கெட்டும் யாரோ சொன்னதை நம்பித்தான் நகர்கிறது. சொன்னது உண்மையா என்று சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் நெறிமுறைக்குள் தொடக்கத்தில் வைக்கப்படவில்லை.

அந்த நம்பிக்கை எப்படி உடைந்தது என்பதற்குப் பலரும் சொல்லும் சம்பவம் 2008 பிப்ரவரி 24இல் நடந்தது. யூடியூபைத் தடை செய்யும்படி பாகிஸ்தான் அரசு உத்தரவிட்டிருந்தது. பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் அந்தப் போக்குவரத்தைக் குப்பையில் போடுவதற்காக 208.65.153.0/24 என்ற ரூட்டை உருவாக்கியது. உள்ளே மட்டும் இருந்திருக்க வேண்டிய அந்த ரூட், ஹாங்காங்கைச் சேர்ந்த அப்ஸ்ட்ரீமான பிசிசிடபிள்யூவுக்கும் போனது. அவர்கள் தங்கள் வாடிக்கையாளர் சொன்னதைச் சரிபார்க்காமல் உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்கள். யூடியூப் அறிவித்திருந்தது 208.65.152.0/22. ரவுட்டர்கள் எப்போதும் குறுகிய, துல்லியமான ப்ரிஃபிக்ஸையே பின்பற்றும் என்பதால், /22ஐ விட்டுவிட்டு உலகம் /24 பக்கம் திரும்பியது. சுமார் எண்பது நிமிடம் கழித்து யூடியூபும் அதே /24ஐ அறிவித்தது. அப்போது இரண்டும் சம நீளம். சில வலைகள் மட்டும் திரும்பின. அடுத்த பதினொரு நிமிடத்தில் யூடியூப் இரண்டு /25களை அறிவித்தது. பிசிசிடபிள்யூ தவறான ரூட்டைத் திரும்பப் பெற்ற பிறகுதான் முழுமையாகச் சரியானது. மொத்தம் இரண்டே கால் மணி நேரம்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பாகிஸ்தானில் செய்த தவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் இரண்டு தவறுகள் தெரிகின்றன. சொன்னவர் வெளியே போகும் வாசலில் ஃபில்டர் வைக்கவில்லை; கேட்டவர் உள்ளே வரும் வாசலில் வைக்கவில்லை. இரண்டில் ஒன்று இருந்திருந்தாலே அது உள்நாட்டுச் செய்தியாக முடிந்திருக்கும். உங்களுக்கு அப்ஸ்ட்ரீம்கள் இருக்கிறார்கள். நாளைக்கு உங்களிடமே ஒரு கல்லூரியோ சிறு நிறுவனமோ பிஜிபி இணைப்புக் கேட்டு வரும். அன்று நீங்கள் இரண்டு வாசல்களுக்கும் காவல்.

அடுத்து ரூட் லீக். இதன் இயக்கத்தை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். இங்கே ஓஎஸ்பிஎஃப் புத்தி உதவாது. உங்களுக்கு அ, ஆ என்று இரண்டு அப்ஸ்ட்ரீம்கள். இருவரும் முழு ரூட்டிங் டேபிளையும் உங்களுக்குத் தருகிறார்கள். வெளியே போகும் பக்கம் ஃபில்டர் இல்லை. பழைய சிஸ்கோ ஐஓஎஸ் போன்றவற்றில் ஃபில்டர் இல்லையென்றால் 'எல்லாம் போகலாம்' என்றே பொருள். எனவே அ-விடமிருந்து கற்ற ரூட்டுகளை உங்கள் ரவுட்டர் ஆ-விடம் ஒப்பிக்கிறது. 'நம் வழி நீளம்தானே, யார் எடுக்கப்போகிறார்கள்' என்று தோன்றும். ஆ எடுத்துக்கொள்ளும். ஏனென்றால் நீங்கள் அதன் வாடிக்கையாளர். வாடிக்கையாளர் வழியாகப் போனால் காசு வரும். பியர் வழியாகப் போனால் காசு இல்லை. தன் அப்ஸ்ட்ரீம் வழியாகப் போனால் காசு கொடுக்க வேண்டும். ஆகவே பெரிய நிறுவனங்கள் பொதுவாக வாடிக்கையாளரிடமிருந்து வரும் ரூட்டுக்கு லோக்கல் ப்ரிஃபரன்ஸை உயர்த்தி வைத்திருக்கும். ஏஎஸ் பாத்தின் நீளத்தைப் பார்ப்பதற்கு முன்பே லோக்கல் ப்ரிஃபரன்ஸ் முடிவைச் சொல்லிவிடும். இரண்டு பெரிய வலைகளுக்கு இடையே ஓட வேண்டிய போக்குவரத்து, உங்கள் ஊரில் இருக்கும் பத்து ஜிகாபிட் லிங்க்குக்குள் நுழையப் பார்க்கும். உங்கள் வாடிக்கையாளர்களுக்கும் இணையம் போய்விடும்.

2019 ஜூன் 24 அன்று அமெரிக்காவில் இதுதான் நடந்தது. பென்சில்வேனியாவில் டிக்யூஇ என்ற சிறு இணைய நிறுவனம், போக்குவரத்தைச் சமப்படுத்தும் மென்பொருள் ஒன்றின் மூலம் பிறருடைய ப்ரிஃபிக்ஸ்களைத் துண்டு துண்டாக நறுக்கித் தன் உள் உபயோகத்துக்கு வைத்திருந்தது. அந்தத் துண்டுகள் அதன் வாடிக்கையாளரான ஓர் உலோக நிறுவனத்துக்குப் போய், அந்த நிறுவனத்தின் இன்னோர் அப்ஸ்ட்ரீமான வெரைஸனுக்குள் நுழைந்து, அங்கிருந்து உலகெங்கும் பரவின. கிளவுட்ஃப்ளேர் உட்படப் பலருடைய சேவைகள் தடுமாறின. உலோக நிறுவனத்தின் வேலை இணையத்தைச் சுமப்பதே அல்ல. வெரைஸன் அந்த செஷனில் அதிகபட்ச ப்ரிஃபிக்ஸ் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைத்திருந்தால் செஷன் தானாகவே துண்டிக்கப்பட்டிருக்கும். சேதம் அதோடு நின்றிருக்கும். ஒற்றை வரி அமைப்பு அது. நம் நாட்டிலும் 2021 ஏப்ரல் 16இல், வோடஃபோன் ஐடியாவின் ஏஎஸ் 55410, தனக்குச் சொந்தமில்லாத முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ப்ரிஃபிக்ஸ்களைத் தன்னுடையவை என்று சிறிது நேரம் அறிவித்தது. பெரிய நிறுவனத்துக்கும் இது நேரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே, செஷனைக் கட்டுவதற்கு முன்பே ஃபில்டரை எழுதுங்கள். வரிசை முக்கியம். முதலில் பாலிசி, பிறகு நெய்பர். எழுதும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ரூட் உங்கள் வலைக்குள் நுழையும் இடத்திலேயே அதன் மீது ஒரு கம்யூனிட்டி முத்திரை குத்துங்கள்: இது வாடிக்கையாளரிடமிருந்து வந்தது, இது பியரிடமிருந்து, இது அப்ஸ்ட்ரீமிடமிருந்து, இது நம்முடையது. வெளியே போகும் பக்கம் விதி எளிதாகிவிடும். அப்ஸ்ட்ரீமுக்கும் பியருக்கும் நம்முடையதும் நம் வாடிக்கையாளருடையதும் மட்டும் போகும்; வாடிக்கையாளருக்கு எல்லாம் போகும். முத்திரை இல்லாத ரூட் எங்கும் போகாது. இதோடு, நம் ப்ரிஃபிக்ஸ்களின் பட்டியலை வைத்து இரண்டாவது காவலும் போடுங்கள். ஐபிவி6க்கும் இதையெல்லாம் தனியாகச் செய்ய வேண்டும். ஐபிவி4க்கு ஒழுங்காக ஃபில்டர் எழுதிவிட்டு ஐபிவி6 பக்கத்தைத் திறந்தே விட்ட ரவுட்டர்கள் நிறைய.

2017இல் வந்த ஆர்எஃப்சி 8212 இதையே விதியாக்கியது: வெளி நெய்பருக்குப் பாலிசி எழுதப்படவில்லையென்றால் எதையும் ஏற்கவும் கூடாது, எதையும் சொல்லவும் கூடாது. எஃப்ஆர்ஆர் மென்பொருளில் பயிற்சி செய்பவர்கள் இதை நேரில் பார்ப்பீர்கள். செஷன் மேலே இருக்கும். ரூட் எண்ணிக்கை வர வேண்டிய இடத்தில் 'பாலிசி' என்று மட்டும் காட்டும். அந்தப் பாதுகாப்பை அணைக்கும் கட்டளை எல்லோருக்கும் எளிதில் கிடைக்கிறது. தயவுசெய்து அதை அடிக்காதீர்கள். பயிற்சியில் அணைத்துப் பழகிய கை, வேலையிலும் அணைக்கும்.

'நாம் சிறிய நிறுவனம், நம்மால் உலகத்துக்கு என்ன ஆகிவிடப்போகிறது' என்று நினைப்பவர்களுக்கு 2009 பிப்ரவரி 16ஐ நினைவூட்டுகிறேன். செக் நாட்டின் சூப்ரோநெட் என்ற சிறு நிறுவனம், ஏஎஸ் எண் 47868, தன் இரண்டு அப்ஸ்ட்ரீம்களில் ஒன்றைப் பின்னுக்குத் தள்ள விரும்பியது. அதற்கு ஏஎஸ் பாத்தில் தன் எண்ணைக் கூடுதலாகச் சில முறை சேர்ப்பது வழக்கம். சிஸ்கோவில் அந்த இடத்தில் ஏஎஸ் எண்ணையே எழுத வேண்டும். அவர்களிடம் இருந்தது மைக்ரோடிக். அதில் எத்தனை முறை சேர்க்க வேண்டும் என்ற எண்ணிக்கையை எழுத வேண்டும். சிஸ்கோ பழக்கத்தில் அங்கே 47868 என்று எழுதப்பட்டது. அந்தக் கட்டம் எட்டு பிட் அளவே தாங்கும். 47868ஐ 256ஆல் வகுத்தால் மீதி 252. ரவுட்டர் தன் எண்ணை 252 முறை எழுதி அனுப்பியது. வழியில் மற்றவர்களின் எண்களும் சேர்ந்து பாத் 255ஐத் தாண்டியபோது, பழைய ஐஓஎஸ் பதிப்புகளில் இருந்த ஒரு பிழை விழித்துக்கொண்டு செஷன்களை அறுக்கத் தொடங்கியது. உலகின் பல பகுதிகளில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ரூட்டிங் ஆட்டம் கண்டது. நம் ஊர் நிறுவனங்களில் எவ்வளவு பேர் அதே மைக்ரோடிக்கைப் பயன்படுத்துகிறோம் என்று உங்களுக்கே தெரியும். ஒரு ரவுட்டரில் கற்றதை இன்னொன்றில் எழுதும் முன் அந்தக் கட்டம் எதைக் கேட்கிறது என்று கையேட்டில் பாருங்கள். எழுதிய பிறகு, நாம் என்ன சொல்கிறோம் என்று வெளியே இருந்து பாருங்கள்.

வெளியே இருந்து பார்ப்பதற்கு இன்று வசதிகள் ஏராளம். ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ரூட்வியூஸ், ஐரோப்பியப் பதிவகமான ரைப் நடத்தும் ரிஸ் சேகரிப்பு, பெரிய நிறுவனங்கள் பொதுவில் திறந்து வைத்திருக்கும் லுக்கிங் கிளாஸ்கள் ஆகியவற்றில் காசு கொடுக்காமல் உங்கள் ப்ரிஃபிக்ஸை உலகம் எப்படிப் பார்க்கிறது என்று அறியலாம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதைப் பார்ப்பதை வேலையின் கடைசிப் படியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு சாதாரண மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு, கன்டெய்னர்லேப் மூலம் ஐந்தாறு எஃப்ஆர்ஆர் ரவுட்டர்களை எழுப்பிவிடலாம். பிராக் நகரத்துச் சார்லஸ் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய பேர்ட் மென்பொருளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல பரிமாற்ற மையங்களின் ரூட் சர்வர்களில் அதுதான் ஓடுகிறது. உங்களுக்கு இரண்டு ரவுட்டர், அப்ஸ்ட்ரீம் இரண்டு, வாடிக்கையாளர் ஒன்று. முகவரிக்கு 203.0.113.0/24, 198.51.100.0/24 போன்றவற்றையும், ஏஎஸ் எண்ணுக்கு 64496 முதல் 64511 வரையிலானவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இவை எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. நாளைக்கு இந்த வரிகளைத் தவறுதலாக உண்மை ரவுட்டரில் ஒட்டினாலும் யாருடைய முகவரியையும் பறிக்காது. கட்டிய வலை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். உடையுங்கள். ஃபில்டரை எடுத்துவிட்டு, அ-வின் ரூட்டுகள் ஆ-வில் வாடிக்கையாளர் ரூட்டாக உட்காருவதைக் கண்ணால் பாருங்கள். இரண்டு பேர் சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது. ஒருவர் எதையாவது உடைக்கட்டும், மற்றவர் கண்டுபிடிக்கட்டும்.

கண்டுபிடிப்பது என்றதும், உங்கள் அன்றாட வேலைக்கு வந்துவிட்டோம். இரவு புகார் வருகிறது. பதற்றத்தில் முதலில் செய்யப்படுவது செஷனை கிளியர் அடிப்பது. அது நோயாளியைக் குளிப்பாட்டிவிட்டுப் பிறகு காய்ச்சல் பார்க்கும் காரியம். பத்து லட்சம் ரூட்டும் போய்த் திரும்ப வரும். இருந்த தடயமும் அழிந்துவிடும். பாலிசியை மாற்றிய பிறகும் முழு கிளியர் தேவையில்லை. 2000ஆம் ஆண்டிலேயே ரூட் ரிஃப்ரெஷ் வந்துவிட்டது. செஷனை அறுக்காமலேயே ரூட்டுகளைத் திரும்பக் கேட்கலாம்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு கேள்விச் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: அவர் சொன்னாரா, நான் கேட்டேனா, கேட்டதைத் தேர்ந்தேனா, தேர்ந்ததை அடுத்தவரிடம் சொன்னேனா, அவர் ஏற்றாரா. ஒவ்வொரு கட்டளையையும் அடிக்கும் முன், திரையில் என்ன வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என வாய்விட்டுச் சொல்லுங்கள். எதிர்பார்த்ததும் வந்ததும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே நின்று பாருங்கள்.

செஷனே வரவில்லையா? 'ஆக்டிவ்' என்று காட்டினால் டிசிபி இணைப்பு இன்னும் அமையவில்லை என்று அர்த்தம். 179ஆம் போர்ட் எங்கோ தடுக்கப்படுகிறதா, லூப்பேக் முகவரிக்கு வழி இருக்கிறதா, அப்டேட் சோர்ஸ் சரியா, வெளி நெய்பருக்கு அனுப்பும் பாக்கெட்டின் டிடிஎல் பெரும்பாலும் 1 என்பதால் இடையில் இன்னொரு ரவுட்டர் நிற்கிறதா என்று பாருங்கள். இணைப்பு அமைந்தும் செஷன் உடனே விழுந்தால் நோட்டிஃபிகேஷன் செய்தியைப் படியுங்கள். அதில் காரணம் எண்ணாகவே எழுதியிருக்கும்: 2/2 என்றால் ஏஎஸ் எண் பொருந்தவில்லை, 4 என்றால் ஹோல்ட் டைமர் முடிந்தது, 6/1 என்றால் ப்ரிஃபிக்ஸ் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். லாக்கில் அந்த எண் இருக்கும்போதே ஊகம் செய்துகொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு கோளாறு தனியாகச் சொல்லத் தக்கது. செஷன் அழகாக மேலே வருகிறது. கீப்அலைவ் போய் வருகிறது. ரூட் எண்ணிக்கை மட்டும் ஏறவில்லை. சிஸ்கோவானால் மூன்று நிமிடம், ஜூனிபரானால் ஒன்றரை நிமிடம் கழித்து ஹோல்ட் டைமர் முடிந்து விழுகிறது, திரும்ப எழுகிறது, திரும்ப விழுகிறது. பிங் செய்தால் பதில் வருகிறது. ஃபைபர் ஆட்களைத் திட்டுவதற்கு முன், பிங்கை 1500 பைட் அளவில், துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு அனுப்பிப் பாருங்கள். சிறு பாக்கெட்டுகள் போகின்றன; முழு டேபிளைச் சுமந்து வரும் பெரிய அப்டேட் பாக்கெட்டுகள் வழியில் எங்கோ எம்டியு குறைந்த ஒரு சுவிட்சில் விழுந்து மடிகின்றன. டிசிபி வரிசைப்படிதான் கொடுக்கும் என்பதால் பின்னால் வரும் கீப்அலைவும் மேலே ஏறாது. இதை ஒருமுறை லேபில் செயற்கையாக உண்டாக்கிப் பார்த்துவிட்டால், வாழ்நாள் முழுக்க இந்தக் கோளாறின் நடையைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

ரூட் வந்தும் பயன்படவில்லையென்றால் நெக்ஸ்ட் ஹாப்பைப் பாருங்கள். வெளியிலிருந்து கற்ற ரூட்டை உள் பிஜிபி மூலம் இன்னொரு ரவுட்டருக்குச் சொல்லும்போது நெக்ஸ்ட் ஹாப் மாறாமலே போகும். அந்த முகவரிக்கு அங்கிருந்து வழி இல்லாவிட்டால் அந்த ரூட் பிஜிபி டேபிளில் கிடக்கும், தேர்ந்தெடுக்கப்படாது. நம் ப்ரிஃபிக்ஸே வெளியே போகவில்லையென்றால், ரூட்டிங் டேபிளில் அதே நீளத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். /23 என்று எழுதிவிட்டு உள்ளே இரண்டு /24 மட்டும் இருந்தால் அறிவிப்பு எழாது. /23க்கு ஒரு நல் ரூட் போட வேண்டும்.

எல்லாவற்றையும்விட உங்களைக் குழப்பப்போவது, 'எல்லாம் வேலை செய்கிறது, சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை' என்ற புகார். இங்கே இரண்டு இடங்களைக் காட்டுகிறேன். ஒன்று, திரும்பி வரும் வழி. ட்ரேஸ்ரூட் காட்டுவது போகும் வழியை மட்டும். பதில் இன்னொரு அப்ஸ்ட்ரீம் வழியாக, சில நேரம் சிங்கப்பூர் போய்க்கூட வரும். இடையில் ஒரு ஹாப்பில் மட்டும் தாமதம் அதிகமாகக் காட்டி, அதற்கு அடுத்தவற்றில் சரியாக இருந்தால் அது கோளாறே அல்ல. அந்த ரவுட்டர் தனக்கு வரும் விசாரணைகளுக்கு நிதானமாகப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான். எதிர்ப்பக்கத்திலிருந்து உங்களை நோக்கி ஒரு ட்ரேஸ்ரூட் கிடைக்காதவரை பாதிப் படத்தை வைத்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது, ஆர்பிகேஐ. 'இந்த ப்ரிஃபிக்ஸை இந்த ஏஎஸ் எண்தான் அறிவிக்கலாம்' என்று முகவரிக்கு உரியவர் கையெழுத்திட்டு வைக்கும் பதிவு ஆர்ஓஏ. தொடக்கத்தில் இல்லாத சரிபார்ப்பைப் பிற்காலத்தில் இப்படித்தான் வெளியிலிருந்து சேர்த்தார்கள். உங்கள் நிறுவனம் ஒரு /23க்கு ஆர்ஓஏ போட்டிருக்கிறது. அதிகபட்ச நீளமும் 23. பிறகு யாரோ பாரத்தைப் பிரிப்பதற்காக /23ஐ நிறுத்திவிட்டு, இரண்டு /24களாக ஒவ்வோர் அப்ஸ்ட்ரீம் வழியாகவும் அறிவிக்கிறார். உங்கள் ரவுட்டரில் எல்லாம் சரி. அப்ஸ்ட்ரீமிலும் சரி. ஆனால் சரிபார்க்கும் வலைகள் அந்த /24களைச் செல்லாதவை என்று தூக்கி எறிகின்றன, சரிபார்க்காதவை ஏற்கின்றன. வாடிக்கையாளருக்கு ஒரு வங்கியின் செயலி திறக்கிறது, இன்னொன்று திறக்கவில்லை. லிங்க்கை எத்தனை முறை சோதித்தாலும் காரணம் கிடைக்காது. பதிவகத்தின் பக்கத்தில் ஓர் ஆர்ஓஏவைத் திருத்தினால் தீரும். அதற்காக /24 வரை தாராளமாகத் திறந்து வைக்கவும் கூடாது. நீங்கள் அறிவிக்காத துண்டை உங்கள் ஏஎஸ் எண்ணைப் போட்டு வேறொருவர் அறிவிக்க அது இடம் கொடுக்கும். அறிவிப்பதற்கு மட்டும், அதே நீளத்துக்கு மட்டும் பதிவு போடுங்கள்.

தொலைவில் இருக்கும் ரவுட்டரைத் தொடும்போது திரும்பி வரும் வழியை முதலில் உறுதி செய்யுங்கள். ஜூனிபரில் கமிட் கன்ஃபர்ம்ட், மைக்ரோடிக்கில் சேஃப் மோட், சிஸ்கோவில் பத்து நிமிடத்துக்கு நேரம் குறித்த ரீலோட். தொடர்பு அறுந்தால் ரவுட்டர் தானே பழைய நிலைக்குப் போகும். 2021 அக்டோபர் 4இல் ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு வலை ஒரு பராமரிப்புக் கட்டளையால் முழுதாக அறுந்தது. அதைத் தடுத்திருக்க வேண்டிய சோதனைக் கருவியில் பிழை. தரவு மையங்களை எட்ட முடியாத டிஎன்எஸ் சர்வர்கள் தங்கள் ரூட்டுகளைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டன. சரிசெய்யும் கருவிகளும் அதே வலையை நம்பியிருந்ததால் பொறியாளர்கள் நேரில் போக வேண்டியதாயிற்று. ஆறு மணி நேரத்துக்கும் மேலானது. உங்கள் முதன்மை ரவுட்டரின் கன்சோலுக்கு வேறொரு நிறுவனத்தின் 4ஜி இணைப்பு ஒன்றாவது இருக்கட்டும். நிர்வாகத்திடம் கேளுங்கள், அந்தச் செலவு ஒரு மணி நேரத் தடங்கலுக்கு ஈடாகாது.

கேட்பதில் தயக்கம் வேண்டாம். அப்ஸ்ட்ரீமின் பொறியாளருக்கு எழுதும்போது 'நெட் ஸ்லோ' என்று எழுதாதீர்கள். எந்த ப்ரிஃபிக்ஸிலிருந்து எந்த முகவரிக்கு, யுடிசி நேரப்படி எப்போதிலிருந்து, இரு திசை ட்ரேஸ்ரூட், லுக்கிங் கிளாஸில் பார்த்தது என்ன என்று நான்கு வரி எழுதினால், உங்கள் வயதையும் நிறுவனத்தின் அளவையும் யாரும் பார்க்க மாட்டார்கள், வேலை நகரும். 2003இல் காத்மாண்டுவில் தொடங்கிய சனாக் என்ற தெற்காசியப் பொறியாளர் கூட்டமைப்பின் பயிலரங்குகளில் இதையெல்லாம் கையில் செய்து கற்கலாம். உங்கள் நிறுவனம் ஒருவரையாவது அனுப்பட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இந்த வாரமே செய்யக்கூடியது. பதிவகத்திலும் பியரிங்டிபியிலும் உங்கள் ஏஎஸ் எண்ணுக்கு எதிரே ஒரு தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்கும். உங்களிடமிருந்து ஏதாவது தவறாகக் கசிந்தால், உலகின் இன்னொரு மூலையில் இருக்கும் பொறியாளர் முதலில் தேடுவது அதைத்தான். அந்த எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள். அந்த முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். வேலையை விட்டுப் போனவருடைய எண்ணாக இருந்தால், இரவுப் பணியில் இருப்பவர் எடுக்கும் எண்ணாக மாற்றச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் துறையில் மூத்தவர் ஒருவர்